கைப்பிடியில் வேர்பிடித்த போன்

முப்பிடாதியின் போன் அவளுடைய ஸ்கூட்டியின் கைப்பிடியில் வேர்பிடித்தது புரட்டாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அன்றைக்குச் சங்கரன்கோவிலில் வானம் மூடாக்குப் போட்டுக்கொண்டு, மழையும் பெய்யாமல் வெயிலும் அடிக்காமல் கிடந்தது, பஜாரில் பிச்சிப்பூ விலை கொஞ்சம் ஏறியிருந்தது, மற்றபடி அதுவும் மற்றச் செவ்வாய்க்கிழமைகளைப் போல ஒரு செவ்வாய்க்கிழமைதான்.

அவள் தோசைமாவு அரைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறவள். பழைய ஊருக்குள் அவளுக்கு யாரும் வழி சொல்ல வேண்டியதில்லை, எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டு மாமியார் மாவைத் தொட்டுப் புளிப்புப் பார்ப்பாள் என்பது வரைக்கும் தெரியும். ஆனால் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் புதிதாக முளைத்த நகர்களில் எல்லா வீடும் ஒரே ரோஸ் கலரில், ஒரே மாதிரி கேட்டோடு இருந்தன. அங்கே இருந்த பெண்கள் தெரு பெயரோ அடையாளமோ சொல்லாமல் போனில் லொகேஷன் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு கையில் ஆக்சிலேட்டரும் இன்னொரு கையில் போனுமாக அவள் அந்த லொகேஷனைத் தேடிப் போனபோது ஒரு எருமையின் மேல் வண்டியை விட்டு, அவ்வளவு மாவையும் ரோட்டில் கொட்டி, எருமைக்காரனிடம் பேச்சும் வாங்கிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகுதான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் மைதீனிடம் போய், வண்டியில் போனை மாட்டுகிற ஸ்டாண்டு ஒன்று போட்டுக்கொண்டாள்.

"நாலு பக்கமும் நகம் மாதிரிப் புடிச்சுக்கிடும்க்கா" என்றான் மைதீன், ஸ்பேனரால் திருகிக்கொண்டே. "ரோட்டுக் குண்டுல வண்டி விழுந்தாலும் போன் விழாது. நீங்க விழுந்தாலும் போன் விழாது."

"ஏன் தம்பி, காலையிலேயே நான் விழுததப் பத்திப் பேசுத" என்று சடைத்துக்கொண்டு வந்தாள் முப்பிடாதி.

அன்று சாயங்காலம் போனைக் கழற்றப் போனால் வரவில்லை. இழுத்தாள், திருகினாள், தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தாள். அவள் புருஷன் தளவாய் தறி மேஸ்திரி, எந்த மெஷினையும் பிரித்துப் போட்டு மாட்டுகிறவர். அவர் டார்ச் அடித்துக் குனிந்து பார்த்தார். ஸ்டாண்டின் ரப்பர் நகங்கள் வேப்பம்பட்டை நிறத்துக்கு மாறி, போனின் விளிம்பைச் சுற்றி மூடி வளர்ந்திருந்தன. அடியிலிருந்து மயிரிழை மாதிரி வெள்ளை வேர்கள் கைப்பிடிக்குள் இறங்கி, ஹாரன் வயரோடு பின்னிக்கொண்டிருந்தன. தளவாய் ஒரு வேரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு டார்ச்சை அணைத்தார்.

"ஏளா, இது மாட்டினது இல்ல. ஒட்டிக்கிடுச்சு" என்றார். "அறுத்தா ரெண்டுமே போயிரும்."

மறுநாள் காலையில் முப்பிடாதி வண்டியை எடுத்ததும், மேப்பில் வழி சொல்கிற பெண்ணின் குரல் போனிலிருந்து வராமல் ஹாரனிலிருந்து வந்தது. "இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும்" என்று அது சொன்னது கோமதி அம்மன் தேர் நிற்கிற இடம் வரைக்கும் கேட்டது.

ஊர் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. அந்தக் குரலுக்கு மேப்காரி என்று பெயர் வைத்தார்கள். மேப்காரி வலதுபுறம் திரும்பவும் என்று சொன்னதும் புதுநகர்ப் பெண்கள் பாத்திரத்தோடு கேட்டுக்கு வந்து நின்றார்கள், எதிரே வருகிற மினிபஸ் டிரைவர் முப்பிடாதி எந்தப் பக்கம் ஒடிக்கப் போகிறாள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு ஒதுங்கினார், எருமைகள்கூட அந்தக் குரலைக் கேட்டு ஓரம் போயின. ஆட்டோக்காரர்களுக்கு மட்டும் மனத்தாங்கல். மேப்காரி சொல்வதைக் கேட்டுச் சவாரிகளெல்லாம் குறுக்குவழி படித்துக்கொண்டதால், பஸ் ஸ்டாண்ட் பக்கம் கொஞ்சம் வராமல் இருங்கள் என்று அவர்கள் மரியாதையாகவே வந்து கேட்டுக்கொண்டார்கள், முப்பிடாதியும் சரி என்று சொல்லிவிட்டாள். மைதீன் மட்டும் தன் கடையில் போட்ட ஸ்டாண்டு இப்படிச் செய்ததே இல்லை என்று பார்க்கிறவரிடமெல்லாம் சொல்லி, பிறகு, இது இனிமேல் கிடைக்குமா என்று கேட்டு வந்தவர்களுக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன் என்றும் சொன்னான்.

முப்பிடாதிக்கும் முதலில் இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. வழி சொல்கிற குரல் ஊருக்கே கேட்டால் என்ன, மாவு விற்கிறவளுக்கு அது நல்லதுதானே என்று இருந்தாள். போன் என்றால் வழி மட்டும் இல்லை, அதில் ஆட்களும் பேசுவார்கள் என்பது அடுத்த வாரம் வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்குத்தான் அவளுக்கு உறைத்தது.

அவளுடைய ஒரே மகள் வினோதினியைப் போன வருஷம் வைகாசியில் ராஜபாளையத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை மில்லில் சூப்பர்வைசர், சொந்த வீடு, ஒரே பையன், பிக்கல் பிடுங்கல் இல்லாத இடம் என்று முப்பிடாதி கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். குடிதண்ணீர்க் குழாயில் நிற்கும்போது யாராவது, மகள் எப்படி இருக்கா என்று கேட்டால், "மாப்ள உள்ளங்கையில வச்சுத் தாங்குதாவ" என்று குடத்தைப் பார்த்துக்கொண்டே சொல்லுவாள். அதைச் சொல்லும்போது அவள் யார் முகத்தையும் பார்த்ததில்லை.

வினோதினியிடம் போன் கிடையாது, அதை மாப்பிள்ளை வாங்கி வைத்துக்கொண்டார். வாய்ப்புக் கிடைக்கிற நாட்களில், மதியம் மாமியார் கண்ணயரும்போது, பின்கட்டுச் சுவர் வழியாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் போன் வாங்கி அம்மாவைக் கூப்பிடுவாள். முப்பிடாதி அந்த நேரத்துக்கு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொள்வாள். அவள் இருப்பது தறித் தெரு. வீட்டுக்கு வீடு முன்னறையில் விசைத்தறி, காலையில் கரண்ட் விட்டதும் தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற மாதிரித் தெரு முழுக்கச் சத்தம் கிளம்பிவிடும். அங்கே யாரும் காதை நம்பிப் பேசுவதில்லை, தறி நின்றால்தான் கைக்குழந்தைகள் விழித்து அழும். அந்தச் சத்தம் தன் பேச்சைப் போர்த்திக்கொள்ளும் என்கிற தைரியத்தில் முப்பிடாதி ஒரு வருஷத்துக்கு மேலாக மாடியில் நின்று மகளுக்குச் சொல்லி வந்தது ஒரே ஒரு சொல்தான். பொறுத்துக்கோ.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு, வாசலில் நின்ற ஸ்கூட்டி மணியடித்தது. முப்பிடாதி கையில் மாவோடு ஓடி வருவதற்குள் போன் தானே எடுத்துக்கொண்டது.

"எம்மா" என்றது ஹாரன்.

எதிர்வீட்டுத் தறி நின்றது. அந்தக் குரலைக் குழந்தையிலிருந்தே அந்தத் தெரு கேட்டிருக்கிறது, தலைதீபாவளிக்கு வந்துவிட்டுப் போன பிறகு கேட்டதில்லை. அடுத்த வீட்டுத் தறி நின்றது, அதற்கடுத்தது நின்றது, தெருமுனை வரைக்கும் ஒவ்வொன்றாக நின்று, கடைசியில் ஒரு மின்விசிறி சுற்றுவது கேட்கிற அளவுக்குத் தெரு அமைதியாகிவிட்டது.

"எம்மா, இன்னைக்கும் வெளிய பூட்டிட்டுப் போயிட்டாவ. நேத்து ராத்திரி..."

"சத்தமாப் பேசாதட்டி" என்றாள் முப்பிடாதி, போனின் மேல் கவிழ்ந்து.

"நான் மெதுவாத்தானம்மா பேசுதேன்."

மெதுவாகத்தான் பேசினாள். அந்த மெதுவான பேச்சு, மூச்சு வாங்குவதோடும் மூக்கை உறிஞ்சுவதோடும் சேர்ந்து, தெருவின் இரண்டு கோடிக்கும் போனது. முப்பிடாதிக்குக் காது மடல் இரண்டும் எரிந்தன. ஜன்னல்களில் முகங்கள் நின்றன. அவள் தலையை நிமிர்த்தி, குழாயடியில் பேசுகிற குரலில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "என்னம்மா, நல்லா இருக்கியா? மாப்ள நல்லா இருக்காவளா? சாப்ட்டியா? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம்" என்றாள்.

ஹாரனில் மூக்கை உறிஞ்சுவது நின்றது.

"எம்மா" என்றது பிறகு. "நீ யார்கிட்டம்மா பேசுத?"

முப்பிடாதி மாவுக் கையாலேயே சாவியைத் திருகி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். கைப்பிடி நிலைக்கதவில் இடித்து முழங்கையில் சிராய்த்தது. அன்று சாயங்காலம் தண்ணீர் பிடிக்கப் போகவில்லை, தளவாயை அனுப்பினாள்.

அதற்குப் பிறகு அவள் செய்யாதது இல்லை. வண்டியைப் பின்கட்டில் நிறுத்திக் கம்பளியைப் போட்டு மூடினாள், கம்பளிக்குள்ளிருந்து மகளின் குரல் இன்னும் கனமாக வந்தது. மூன்று மணிக்கு ஊருக்கு வெளியே குளத்துக்கரையில் கொண்டுபோய் நிறுத்தினாள், குரல் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு அக்கரையில் ஆடு மேய்க்கிறவர்களிடம் போக, அவர்கள் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு துக்க வீட்டில் நிற்பது போல நின்றார்கள். தளவாயின் போனில் கூப்பிடச் சொன்னாள், அந்தப் பேச்சும் ஸ்கூட்டி ஹாரனில்தான் வந்தது. போனை அணைத்து வைத்தால் தானே விழித்துக்கொண்டது. இனி என்ன செய்ய என்று அவள் உட்கார்ந்திருந்த நாளில்தான் தெரு தன்பாட்டுக்கு ஒரு ஏற்பாடு செய்துகொண்டதைக் கவனித்தாள்.

மூன்று மணி ஆனால் இப்போது தறிகள் நிற்கவில்லை. ஓடுகிற தறிகளோடு, நூல் இல்லாமல் சும்மா கிடந்த தறிகளையும் வெறுமனே ஓட்டினார்கள். தறி இல்லாத வீட்டில் மிக்ஸியில் ஒன்றும் போடாமல் சுற்றினார்கள், டிவியில் சீரியலைக் கூட்டி வைத்தார்கள், டீக்கடைக்காரர் பாய்லர் பக்கத்தில் இருந்த பழைய ரேடியோவைத் தட்டி எழுப்பினார். சாப்பாட்டுக்குப் போகிறவர்கள்கூட முறைவைத்துப் போனார்கள், மூன்று மணிக்கு எந்தத் தறியும் ஆள் இல்லாமல் நிற்கக் கூடாது என்று. யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததாகத் தெரியவில்லை. மழை வரும்போது காயப்போட்ட துணியை அடுத்த வீட்டுக்காரர்களும் எடுத்து வைப்பது போல அதைச் செய்தார்கள். மணி அடிக்கும்போது ஜன்னலில் இருந்த முகங்கள் மெல்ல உள்ளே திரும்பிக்கொண்டன.

ஏச்சென்றால் முப்பிடாதி பதிலுக்கு ஏசிவிடுவாள். இதை என்ன செய்ய என்று தெரியவில்லை. தன்னை மூடுவதற்காக ஒரு தெருவே கரண்டைச் செலவழிக்கிறது என்று நினைக்க நினைக்க, தட்டில் போட்ட சோற்றை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். போதாததற்கு, அந்தச் சத்தத்தில் மகள் பேசுவது அவளுக்கும் கேட்கவில்லை. பாதி பேச்சுக்கு உம் கொட்டினாள், மீதிக்குத் தன் வழக்கமான சொல்லைச் சொல்லி வைத்தாள்.

எதிர்வீட்டு ராஜகனி அவளுக்கு மதினி முறை. சின்ன வயதிலிருந்து தறியில் நிற்கிறவள், வாய் கொஞ்சம் அதிகம். ஒருநாள் காலை குழாயடியில் முப்பிடாதி குடத்தை எடுத்துக்கொண்டு யாரையும் பாராமல் நழுவப் பார்த்தபோது ராஜகனி குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னட்டி, கடன் வாங்கினவ மாதிரி ஒளிஞ்சு ஒளிஞ்சு போற."

"விடுங்க மதினி. அதான் எல்லாம் சந்தி சிரிச்சுப் போச்சே. ஹாரன் வந்து என் மானத்த வாங்கிட்டு."

"ஹாரன் வந்துதான் எங்களுக்குத் தெரியுமாக்கும்?" ராஜகனி குடத்தை விடவில்லை. "மாடியில நின்னு நீ பேசுததத்தான் ஒரு வருசமாப் பாத்துட்டு இருக்கோமே."

"பாத்தா? தறிச் சத்தத்துல என்ன கேக்கும்?"

"கேக்கவா செய்யணும்? இந்தத் தெருவுல எவ காதால கேக்கா? எந்தறிக்கும் பக்கத்துத் தறிக்கும் நடுவுல நின்னு நானும் அவளும் இருவது வருசமாப் பேசுதோம், ஒருத்தி சத்தம் ஒருத்திக்குக் கேட்டதில்ல. வாயப் பாத்தாப் போதாதா? நீயுந்தான் பாப்ப. நேத்து நான் ஜன்னல்ல நின்னு மாவு ரெண்டு பாக்கெட்டுன்னேன், நீ குடுத்துவிடல?"

கொடுத்துத்தான் விட்டிருந்தாள். வாழ வந்த இந்தத் தெருவில், எப்போது படித்தோம் என்று தெரியாமலே, அவளும் வாயைப் பார்த்துத்தான் பேச்சை வாங்கிக்கொண்டிருந்தாள். ஆனால் மாடியில் நின்றபோது ஒரு நாளும் வாயை மூடிக்கொள்ளத் தோன்றவில்லை. காதுகளுக்கு மட்டும் பயந்து, கண்களுக்கு நேராக, தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால், வெளிச்சத்தில் நின்றிருக்கிறாள்.

"உன் வாய் சொன்னது மட்டுந்தாம்ட்டி எங்களுக்குத் தெரியும்" என்றாள் ராஜகனி. அவள் குரலில் இப்போது கேலி இல்லை. "பொறுத்துக்கோ, பொறுத்துக்கோ. எப்பவும் அதான். பிள்ள ஏதோ சின்னதுக்கெல்லாம் மூக்கச் சிந்துதா போல, பெத்தவ புத்தி சொல்லுதான்னு நெனச்சுக்கிட்டோம். அந்தப் பக்கம் அவ என்ன சொல்லிட்டு இருந்தான்னு இந்த ஹாரன் வந்த பொறவுதான கேக்கோம்."

குடத்தை விட்டுவிட்டு அவள் போய்விட்டாள். முப்பிடாதி குழாயில் அடுத்த குடம் நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் அடிபடுவது தெருவுக்குத் தெரிந்துவிட்டதே என்றுதான் அவள் இத்தனை நாளும் கூனிப்போயிருந்தாள். தெரு பார்த்துக்கொண்டிருந்தது மகளை இல்லை.

மறுநாள் மூன்று மணிக்கு மணியடித்தது. வெறுந்தறிகள் எல்லாம் கிளம்பின, மிக்ஸிகள் சுற்றின, டீக்கடை ரேடியோ கத்தியது. போன் எடுத்துக்கொண்டது. முப்பிடாதி ஹாரன் பக்கத்தில் காதை வைத்து உட்கார்ந்தாள். வினோதினி அன்றைக்கு அழவில்லை, ஏதோ ஒரே நிதானமாகச் சொல்லிக்கொண்டு போனாள், சத்தத்துக்கு நடுவே "இனி" என்பது ஒரு தடவையும் "மாட்டேன்" என்பது ஒரு தடவையும் மட்டும் கேட்டன.

"என்னட்டி? என்ன மாட்ட?"

மறுபடியும் ஏதோ சொன்னாள். தறிகள் அதையும் தின்றுவிட்டன.

முப்பிடாதி எழுந்தாள். நடுத்தெருவில் போய் நின்றாள். தறிக்காரர்கள் ஒருவருக்கொருவர் நிறுத்து என்று சொல்ல ஒரு கைச்சாடை உண்டு, உள்ளங்கையை உயர்த்தி விரல்களை மடக்குவது. அதை அவள் இதற்கு முன் ஒருநாளும் செய்ததில்லை, தறிக்கு நிற்காதவள் செய்தால் சிரிப்பார்கள். கையை உயர்த்தியபோது சேலை விலகி முழங்கைச் சிராய்ப்புத் தெரிந்தது. ராஜகனி ஜன்னலில் இருந்து பார்த்தாள். உன் வீட்டுப் பேச்சை நாங்கள் கேட்க வேண்டுமா என்று அவள் வாய் அசையாமல் கண் மட்டும் கேட்டது. முப்பிடாதி விரல்களை மடக்கினாள்.

ராஜகனியின் தறி நின்றது. அதைப் பார்த்து அடுத்தது நின்றது. அப்படியே வரிசையாகப் போய் டீக்கடை ரேடியோவும் நின்றது. ஜன்னல்களில் முகங்கள் திரும்பி வந்தன.

"இப்பச் சொல்லுட்டி" என்றாள் முப்பிடாதி. "அம்மாவுக்குக் கேக்கல."

"இனிமே கூப்பிட மாட்டேன்னு சொன்னேம்மா" என்றது ஹாரன். "நீ பொறுத்துக்கோன்னு சொல்லத்தான போற. அது எனக்கு மனப்பாடமாயிட்டு. அதக் கேக்கதுக்கு எதுக்கு அந்த அக்காகிட்டக் கெஞ்சிப் போன் வாங்கணும். வச்சிருதேன். உடம்பப் பாத்துக்கோ."

முப்பிடாதியின் உதடுகள் பழக்கத்தில் ஒட்டிக்கொண்டன, அந்தச் சொல்லின் முதல் எழுத்துக்காக. தெரு முழுவதும் அதைப் பார்த்தது. அவள் சேலைத் தலைப்பை எடுத்து வாயை அப்படியே பொத்திக்கொண்டாள். தளவாய் திருப்புளியோடு யாரோ வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

தலைப்பை எடுத்தபோது அவள் கேட்டது, "கதவு வெளிய பூட்டியிருக்கா?"

"ஆமா. சாவி அத்தைகிட்ட இருக்கு."

"நான் வாரேன்."

வினோதினி போனை வைத்துவிட்டாள். நம்பவில்லை போல.

தளவாய் வந்து, "நானும் வாரேன்" என்றார்.

"நீங்க வேண்டாம். பின்னாடி சீட்டு வேணும்."

அவர் தலையை ஆட்டிவிட்டு டயரை அமுக்கிப் பார்த்தார். ராஜகனி இறங்கி வந்து, மாவு எந்த எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டாள்.

மகள் வீட்டுக்கு முப்பிடாதி போனது இரண்டு தடவைதான், இரண்டும் வேனில், ஜனக்கூட்டத்தோடு. வழி தெரியாது. கல்யாணமான முதல் மாதம், போன் கையில் இருந்த காலத்தில், வினோதினி ஒரு லொகேஷன் அனுப்பியிருந்தாள், ஒருநாள் சும்மா வந்துட்டுப் போம்மா என்று. அது இத்தனை நாளும் திறக்கப்படாமல் போனில் பழைய மெசேஜ்களுக்கு அடியில் கிடந்தது. முப்பிடாதி விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போய் அதைத் தொட்டாள்.

"ராஜபாளையம் நோக்கி நேராகச் செல்லவும்" என்று மேப்காரி ஊருக்கெல்லாம் சொன்னாள்.

முகம் தெரியாது என்று ஹெல்மெட் போட்டுக்கொண்டாள், ஆனால் ஹாரனுக்கு ஹெல்மெட் இல்லை. கரிவலம்வந்தநல்லூரில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வயல்காரர், "யார் வீட்டுக்கும்மா" என்று கேட்டார், அவள் பதில் சொல்லுவதற்குள் மேப்காரி சோழபுரத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று சொல்லிவிட்டாள். மேற்கே மலை நெருங்கிக்கொண்டு வந்தது. போகிற வழியெல்லாம் முப்பிடாதிக்குத் திரும்பிவிடலாம் என்றுதான் இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் இருந்தால் என்ன பேசுவது, தெருவில் வைத்து அவர் ஏதாவது சொல்லிவிட்டால் எங்கே முகத்தை வைப்பது, கூட்டிக்கொண்டு வந்தால் பிறகு என்ன, ஆயுசுக்கும் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா, ஊர் இன்றைக்குப் பாவம் என்னும், நாளைக்கு என்ன சொல்லும். அவள் அப்படிப்பட்டவள்தான், அடுப்பில் பால் வைத்துவிட்டு அது பொங்குவதற்கு முன்பே தீய்ந்த வாசம் பிடிக்கிறவள். ஒவ்வொரு தடவை வேகம் குறைந்தபோதும் மேப்காரி, நேராகச் செல்லவும், நேராகச் செல்லவும் என்றாள்.

"நீங்கள் சேர வேண்டிய இடம் வந்துவிட்டது" என்று மேப்காரி ராஜபாளையத்து அந்தத் தெருவில் முழங்கியபோது, முதலில் நாய்கள் குரைத்தன, பிறகு வீடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். சம்பந்தியம்மா தூக்கக் கலக்கத்தோடு கேட்டுக்கு வந்தாள், இடுப்பில் சாவி.

"வாங்க சம்பந்தி. என்ன, ஒரு போன்கூடப் பண்ணாம."

"வினோவக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

சம்பந்தியம்மா இரண்டு பக்கமும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "உள்ள வாங்க. தெருவுல வச்சு என்ன பேச்சு. மெதுவாப் பேசுங்க, நாலு பேரு பாக்காவ."

அந்த வார்த்தைகள் முப்பிடாதிக்கு அந்நியமாகப் படவில்லை. மாடியில் நின்று அவள் சொன்னவைதான், அவள் குரலிலேயே வந்த மாதிரி இருந்தது. உள்ளே போனால் காபி வரும், மின்விசிறி போடுவார்கள், ஆம்பளைன்னா அப்படி இப்படித்தான் என்று ஒரு பேச்சு வரும், தான் தலையை ஆட்டுவோம், மகளைத் தனியாகக் கூப்பிட்டுத் தலையைத் தடவி அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு ஒற்றையாக வெளியே வருவோம். தன்னைப் பற்றி இவ்வளவு தெளிவாக அவளுக்கு எதுவுமே தெரிந்ததில்லை. இரண்டு கையாலும் ஸ்கூட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல சம்பந்தி. வண்டிய விட்டு எறங்கினா நான் கெட்டேன்."

சம்பந்தியம்மா உள்ளே போய்த் தன் மகனுக்குப் போன் செய்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஸ்கூட்டி மணியடித்தது, போன் எடுத்துக்கொண்டது.

"என்ன அத்த, வாசல்ல நின்னு கூத்தா?" என்றது மாப்பிள்ளையின் குரல், அந்தத் தெரு முழுவதற்கும். பேச்சு ஹாரனில் வருவது அவருக்குத் தெரியாது, காதோடு பேசுகிற குரலில் நிதானமாகப் பேசினார். "நான் வராமக் கேட்டத் தொறக்காதன்னு அம்மாட்ட சொல்லிட்டேன். உங்க மக எல்லாத்தையும் ஓதுதா போல. போன வாரம் பெல்ட்டக் கழத்தினது பத்தல. நான் வந்து நாலு போடு போட்டா ஒழுங்கா இருப்பா. நீங்க பேசாம ஊரப் பாத்துப் போங்க. வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தான் அசிங்கம்."

நாய்கள்கூட நின்றுவிட்டன. எதிர்வீட்டுத் திண்ணையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்த பெரியவர் பேப்பரை மடித்தார். பக்கத்து வீட்டில் சுவருக்கு மேலே ஒரு பெண்ணின் தலை தெரிந்தது, போன் கொடுக்கிற அக்காவாக இருக்கும். எல்லோரும் கேட்டைப் பார்த்தார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம் சம்பந்தியம்மா நின்றாள், காது மடல் இரண்டும் சிவந்து, தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு. அந்தக் கோலத்தில் நின்றால் எப்படி இருக்கும் என்று முப்பிடாதிக்குத் தெரியும். பார்க்க முடியாமல் அவள்தான் கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

சம்பந்தியம்மாவின் சாவி பூட்டைத் திறக்கிற சத்தம் கேட்டது.

வினோதினி வந்தாள். மெலிந்திருந்தாள், கழுத்தில் துண்டைச் சுற்றியிருந்தாள், கையில் ஒரு ரெக்சின் பை. பையை அம்மாவின் காலடியில் வைத்தாள். அதன் மேல் விரல் வைத்தால் பதிகிற அளவுக்குத் தூசி.

"அதுக்குள்ள எப்படிட்டி எடுத்து வச்ச?" என்றாள் முப்பிடாதி. வேறு என்ன கேட்பதென்று தெரியாமல்தான் கேட்டாள்.

"இப்ப எங்க எடுத்து வச்சேன்? தலைதீபாவளிக்கு நம்ம வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பினேம்லா, அந்தப் பை. பிரிக்கவே இல்லம்மா. எப்படியும் நீ கூப்பிட்ருவன்னு வச்சிருந்தேன்."

முப்பிடாதி பையைத் தூக்கக் குனிந்தாள். ஜிப் அறுந்திருந்ததால், தீபாவளிக்கு மறுநாள் அவளே தறி நூலை நாலாக முறுக்கி வாயைச் சேர்த்துக் கட்டியிருந்தாள், வழியில் பலகாரம் கொட்டிவிடக் கூடாது என்று. முடிச்சு அவள் போட்ட இடத்தில் அப்படியே இருந்தது. உள்ளே அவள் அடுக்கி வைத்த முறுக்கு டப்பா லேசாக ஆடியது. தலைப்பால் தூசியைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள், தெரு பார்த்துக்கொண்டிருந்தது, நிமிர அவளால் முடியவில்லை.

"போலாம்மா" என்றாள் வினோதினி.

பையைக் கால் வைக்கிற இடத்தில் வைத்து, அதற்கு இரண்டு பக்கமும் பாதங்களை ஊன்றி, முப்பிடாதி நிமிர்ந்து உட்கார்ந்தாள். பின்னால் வண்டி அமுங்கியது. பள்ளிக்கூட நாட்களிலிருந்தே வினோதினி வண்டியில் ஏறினால் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொள்கிறவள், பஜார் கூட்டத்தில்கூட விடமாட்டாள். முப்பிடாதி ஆக்சிலேட்டரைத் திருகாமல் காத்திருந்தாள். கை வரவில்லை. வினோதினி சீட்டுக்குப் பின்னாலிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிடித்துக்கொள்ள வண்டியில் அதுவாவது இருக்கிறதே என்று முப்பிடாதி வண்டியை எடுத்தாள், குழி வந்தபோதெல்லாம் மெதுவாக இறக்கினாள்.